பித்தளைச் சின்னமும் கறுப்பு டேங்க்கும்

அமெரிக்காவில் ஒரு வியாபாரம் உண்டு. வயட் எர்ப், பஃபலோ பில் என்று மேற்கு எல்லைக் காலத்துப் பெயர் ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். 1873-இல் வந்த கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வரின் உடம்பு முழுக்கக் கொடியும் இலையுமாகப் பொறித்து, பொன்முலாம் பூசி, வரிசை எண் போட்டு, வெல்வெட் விரித்த மரப்பெட்டியில் வைத்து விற்பார்கள். கோல்ட் நிறுவனமே 1960-களில் வயட் எர்ப் பெயரில் ஒன்று போட்டது. வாங்குகிறவர் அதைச் சுட மாட்டார். சுடுவது இருக்கட்டும், சும்மா ஒருமுறை உருளையைச் சுழலவிட்டாலே அதன்மேல் மெல்லிய கோடு விழும். சேகரிப்பவர்கள் அந்தக் கோட்டுக்கும் விலையைக் குறைப்பார்கள்.

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இருக்கிற நம் நாட்டில் அப்படித் துப்பாக்கி வாங்கிவைக்கும் ஆசையை யாரும் லேசில் தீர்த்துக்கொள்ள முடியாது. ஆனால் ஆசை சும்மா இருக்குமா? இங்கே அது இரண்டு சக்கரத்தில் ஓடுகிறது. ராயல் என்ஃபீல்டின் 120-ஆம் ஆண்டு நிறைவுப் பதிப்பு இன்டர்செப்டர் 650-ஐ நண்பர் ஒருவர் வைத்திருக்கிறார். சாவியைக் கொடுக்கும்போது முகத்தில் பெண்ணைக் கட்டிக் கொடுக்கும் தகப்பன் களை. செங்கல்பட்டில் எடுத்து, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டிப் பார்த்தேன்.

துப்பாக்கி உறவு நான் இழுத்துப் பொருத்தியது இல்லை. இங்கிலாந்தின் ரெடிச் ஊரில் மிதிவண்டி செய்துகொண்டிருந்த கம்பெனி, 1890-களில் என்ஃபீல்டில் இருந்த அரசு ஆயுதத் தொழிற்சாலைக்கு உதிரிபாகங்கள் செய்து கொடுத்தது. கம்பெனியின் பெயர், பீரங்கிச் சின்னம், ‘மேட் லைக் எ கன்’ என்ற வாசகம் எல்லாம் அந்தத் தொடர்பில் வந்தவைதான். பள்ளிக்கூடத்தில் 1857 கிளர்ச்சிப் பாடத்தில் கொழுப்புத் தடவிய தோட்டாவோடு வரும் என்ஃபீல்டு துப்பாக்கிக்கும் பெயர் அதே என்ஃபீல்டு ஊரிலிருந்து வந்ததுதான். 1901-இல் முதல் மோட்டார் சைக்கிள். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா, அப்புறம் திருவொற்றியூர் ஆலை. ரெடிச் கதை முடிந்து பல காலம் ஆகியும் திருவொற்றியூரில் தொடங்கிய கதை ஓடிக்கொண்டிருக்கிறது. இன்று ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் பெரிய ஆலைகள். செங்கல்பட்டுக்காரருக்கு இது பக்கத்து வீட்டுப் பிள்ளை.

இந்தப் பதிப்பு 2021 நவம்பரில் இத்தாலியின் மிலான் கண்காட்சியில் அறிமுகமானது. உலகம் முழுக்க 480 வண்டிகள். இந்தியாவுக்கு 120: இன்டர்செப்டர் 60, கான்டினென்டல் ஜிடி 60. அந்த டிசம்பரில் இணையத்தில் விற்பனை திறந்தார்கள். 120 வண்டியும் 120 விநாடியில் போய்விட்டன. ஓட்டிப் பார்த்து வாங்கியவர் அதில் எத்தனை பேர் என்று கேட்கக்கூடாது.

அப்படி என்ன விசேஷம்? டேங்க். கறுப்புக் குரோம் பூச்சு, அதுவும் கம்பெனியின் பழைய வீடான திருவொற்றியூரில் போட்டது. வெயிலில் நிறுத்தினால் கறுப்பு, சாய்ந்து பார்த்தால் கண்ணாடி. அதன்மேல் ஓடும் மெல்லிய கோடுகள் ஸ்டிக்கர் அல்ல, தூரிகை பிடித்துக் கையால் இழுத்தவை. டேங்க்கின் தலையில் வரிசை எண். இரண்டு பக்கமும் பித்தளைச் சின்னம். கோயில்களுக்குப் பித்தளைச் சிலைகள் செய்துவரும் பரம்பரையான சிற்பி செந்தில் குடும்பத்தாரைக் கொண்டு இதைச் செய்வித்ததாகக் கம்பெனி சொல்கிறது. எஞ்சின், சைலன்சர் எல்லாம் கறுப்பு. முன்னால் சின்னக் காற்றுத் தடுப்பு, எஞ்சின் கார்டு, கைப்பிடி நுனியில் கண்ணாடி. இவை கடையில் தனியாக வாங்கிப் பொருத்தக்கூடிய சாமான்கள்தான்.

மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக் கூடத்தின் முன் நிறுத்தினேன். இந்த ஊர்க் கல் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு, 1957-இல் தொடங்கிய சிற்பக் கல்லூரி உண்டு. பித்தளைச் சின்னத்தைக் காட்ட இதைவிட நல்ல இடம் எது? உளியைக் கீழே வைத்துவிட்டு வந்த பெரியவர் வண்டியைப் பார்க்கவில்லை, சின்னத்தைத்தான் பார்த்தார். கட்டைவிரலால் ஓரத்தைத் தடவினார்.

“வார்ப்புதான் தம்பி. அச்சுல ஊத்தி எடுத்திருக்காங்க. ஓரம் மட்டும் கையில ராவியிருக்கு.”

“கைவேலைன்னு சொல்றாங்களே அண்ணே?”

“ராவறதும் கைவேலைதானே. ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது, பாருங்க. ஆனா இதைச் சிலைன்னு சொல்லாதீங்க.”

நியாயமான தீர்ப்பு. கம்பெனியும் அச்சு வார்ப்பு என்பதை மறைக்கவில்லை. விளம்பரத்தில் ‘கைவேலை’ என்ற சொல்தான் பெரிய எழுத்தில் நிற்கிறது. கல்லில் ஒவ்வொரு கொத்தும் திரும்ப எடுக்க முடியாதது. அச்சில் ஊற்றியது அப்படி அல்ல; அதில் கை இருப்பது மெருகேற்றும் கட்டத்தில். என் கண்ணுக்கு டேங்க்கில் உயர்ந்த வேலை பித்தளை அல்ல, அந்தக் கோடுகள்தான். வளைவில் கை நடுங்காமல் ஒரே மூச்சில் இழுத்திருக்கிறார்கள். எந்திரம் போட்ட கோடு வளைவில் இப்படித் தடித்து மெலியாது.

பெரியவர் போகும்போது ஒன்று சொன்னார்: கடல் காற்று பட்டால் பித்தளை கறுக்கும். வீட்டில் குத்துவிளக்குக்குப் போடுவதுபோல் புளி போட்டுத் தேய்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம். புளி ஒழுகிப் பக்கத்துக் குரோமில் இறங்கினால் விளக்கும் போச்சு, மாடமும் போச்சு.

இனி ஓட்டம். 648 சிசி, பக்கத்தில் பக்கமாக இரண்டு சிலிண்டர், காற்றும் எண்ணெயும் குளிரூட்டும் எஞ்சின், 47 குதிரைத் திறன், 52 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, ஆறு கியர். சாதாரண இன்டர்செப்டரில் இருப்பது எதுவோ அதுவே. ஒரு போல்ட்டும் கூடவில்லை, குறையவில்லை. கிராங்க்கை 270 பாகையில் அமைத்திருப்பதால் இரண்டு சிலிண்டரும் சம இடைவெளியில் வெடிப்பதில்லை. அதனால்தான் அந்தத் தாளம் தப்பிய முழக்கம். புல்லட்டின் டப் டப்பை எதிர்பார்த்து ஏறுகிறவருக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கும். மூன்றாவது கியருக்குள் ஏமாற்றம் மறந்துவிடும்.

செங்கல்பட்டு ஊருக்குள் வண்டியின் எடை தெரிகிறது. பெட்ரோலோடு 200 கிலோவைத் தாண்டும் உடம்பு. ஷேர் ஆட்டோக்களுக்கு நடுவில் கைப்பிடி நுனிக் கண்ணாடிகள் இரண்டு பக்கமும் முழங்கையை நீட்டிக்கொண்டு நடப்பவர் மாதிரி இடம் கேட்கின்றன. திருக்கழுக்குன்றம் தேரோடும் வீதியில் ஊர்ந்து போகும்போது எஞ்சின் சூடு காலுக்கு வருகிறது. ஆனால் கிளட்ச் இந்த அளவு எஞ்சினுக்கு வியக்கத்தக்க லேசு. 2,500 சுற்றிலேயே விசையில் பெரும்பங்கு கிடைப்பதால், வேகத்தடை தாண்டி நான்காவது கியரிலேயே முனகாமல் எழுந்து போகிறது. வேகத்தடைக்கு இந்தச் சாலையில் பஞ்சமே இல்லை.

மாமல்லபுரம் தாண்டிக் கடற்கரைச் சாலையில் ஏறியதும்தான் வண்டி தன் பேச்சைப் பேசுகிறது. சதுரங்கப்பட்டினம் பக்கம் கடல் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போதும் வண்டி அலையவில்லை. இந்தச் சட்டகத்தில் பிரிட்டனின் ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸின் கை உண்டு. அது வளைவில் தெரிகிறது. முன்னால் 320 மில்லிமீட்டர் டிஸ்க், இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ். சின்னக் காற்றுத் தடுப்பு அழகுக்கு. நெஞ்சில் அடிக்கும் காற்றில் பாதியைக்கூட அது தடுப்பதாகத் தெரியவில்லை.

குறைகள் உண்டு, அவை அன்றைய சாதாரண வண்டிக்கும் பொது. சீட் தட்டை, ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் தெரியும். மீட்டரில் கடிகாரம் இல்லை, எந்தக் கியரில் இருக்கிறோம் என்ற காட்டியும் இல்லை. ஸ்போக் சக்கரத்தில் டியூப் டயர்: ஆணி ஏறினால் சக்கரத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டும், அதுவும் பஞ்சர் கடை கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லாத சாலையில். சேகரிப்புப் பதிப்பு என்று போட்டவர்கள் கடிகாரமாவது ஒன்று வைத்திருக்கலாம்.

எண் போட்ட வண்டிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 2018-இல் இரண்டாம் உலகப்போர் பாராசூட் படைவீரர்கள் நினைவாக கிளாசிக் 500 பெகாசஸ் வந்தது. உலகத்துக்கு 1,000, இந்தியாவுக்கு 250. ஜூலையில் 178 விநாடியில் தீர்ந்தது. அடுத்த மாதமே கிளாசிக் 350 சிக்னல்ஸ் பதிப்பு ஏபிஎஸ்ஸோடு வந்து நின்றது. பெகாசஸில் ஏபிஎஸ் இல்லை. கூடுதல் பணம் கொடுத்து, எண் போட்டு வாங்கியவர்கள் கொதித்தார்கள். ஒருவர் அந்த வண்டியில் குப்பை ஏற்றிப் போய் எதிர்ப்புக் காட்டியதும் செய்தியானது. எண் அரிதாக இருக்கலாம், எந்திரம் நாளைக்கே பழசாகும். 120-ஆம் ஆண்டுப் பதிப்பு அந்த விஷயத்தில் தப்பித்தது, அதே எஞ்சின் இன்றும் விற்பனையில் இருப்பதால்.

என் நண்பர் இந்த வண்டியைப் பெரும்பாலும் போர்வை மூடி வைத்திருக்கிறார். அமெரிக்கக்காரர் ரிவால்வரைப் பெட்டியில் வைத்தால் நஷ்டமில்லை. பெட்ரோலும் பேட்டரியும் டயரும் அப்படி அல்ல. நின்ற வண்டிதான் சீக்கிரம் கெடும். ஓட்டட்டும். கடற்கரைச் சாலையில் போய்வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, மெல்லிய துணியால் குரோமைத் துடைத்தால் போதும்.

ஓட்டத்துக்காக மட்டும் என்றால் சாதாரண இன்டர்செப்டரை வாங்குங்கள். கிடைக்கும் ஓட்டம் அதேதான். டேங்க்கின் கோட்டுக்கும் பித்தளைக்கும் மனசு போகிறது, யாரோ கைமாற்றி விற்கிறார்கள் என்றால், டேங்க்கின் வரிசை எண்ணை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆர்சி புத்தகத்தோடு ஒப்பிடுங்கள், கடன் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள், சின்னம் இரண்டும் அசல்தானா என்று பித்தளை வேலை தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு முன்பணம் கொடுங்கள்.