'இருந்தபடியே': ஒரு விளம்பர வாக்கியத்தை வாசித்தல்

'வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்கலாம்.' பெண்களை நோக்கி எழுதப்படும் இந்த வாக்கியத்தில் எல்லோர் கண்ணும் 'சம்பாதிக்கலாம்' என்ற சொல்லின் மீதே விழுகிறது. நாம் நின்று வாசிக்க வேண்டிய சொல் 'இருந்தபடியே'. நின்றபடியே தூங்கினாள் என்றால், தூங்கும்போதும் அவளுக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை என்று பொருள். வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்கலாம் என்றால், சமையலும் குழந்தையும் மாமியாரின் மாத்திரை வேளையும் அப்படியப்படியே இருக்கும், வருமானம் மட்டும் மேற்கொண்டு வரும் என்று பொருள். வீடு பெண்ணுடையது, அங்கே அவள் செய்யும் வேலைக்குச் செலவில்லை என்ற இரண்டு அனுமானங்கள் இந்த வாக்கியத்துக்குள் இருக்கின்றன. இரண்டும் பொய்.

இணையவழி விற்பனை ஏலத்தில்தான் வேகம் பிடித்தது. 1995இல் பியர் ஒமிட்யார் தொடங்கிய ஏலத்தளமே பின்னாளில் ஈபே ஆனது. இந்தியாவில் 2000இல் பாஸி டாட் காம் வந்தது. 2004இல் ஈபே அதை வாங்கியது. 2018இல் ஈபேயின் இந்தியத் தளம் மூடப்பட்டது. ஏலத்தில் விற்பவர் அடிவிலையைச் சொல்வார், வாங்குபவர்கள் போட்டியிட்டு ஏற்றுவார்கள். பழைய நாணயத்துக்கும் தபால்தலைக்கும் அது பொருந்தியது. ஒரே மாதிரிச் சேலையை ஆயிரம் பேர் விற்கும் சந்தையில் போட்டி தலைகீழானது. இங்கே விற்பவர்களே விலையை இறக்குகிறார்கள். 2015இல் தொடங்கிய மீஷோ, 'என் கடை' என்று பொருள்படும் சொற்களிலிருந்து பெயர் எடுத்துக்கொண்டது. அதன் வழியாக மறுவிற்பனைக்கு வந்த பெண்கள் ஏராளம். கடை 'என்' கடைதான். பக்கத்துக் கடைக்காரியைவிட எத்தனை ரூபாய் குறைப்பது என்பது மட்டுமே என் முடிவு.

விலை இறங்கும்போது எது இறங்குகிறது? லாஸ்பேட்டையில் என் மாணவிகள் சிலர் ஆரி வேலை செய்கிறார்கள். துணிக்கும் நூலுக்கும் மணிக்கும் கூரியருக்கும் ரசீது உண்டு. பாத்திரம் கழுவி முடித்து இரவு பதினொரு மணிக்குச் சட்டத்தில் துணியைக் கட்டி உட்கார்ந்த நேரத்துக்கு ரசீது இல்லை. ஆகவே தள்ளுபடி எப்போதும் அந்த நேரத்திலிருந்தே போகிறது.

பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆய்மகள் வருகிறாள். மோர் விற்று, கிடைத்த தானியத்தில் சுற்றத்துக்குச் சோறு போடுகிறாள். நெய்க்கு விலையாகப் பொன்னை வாங்க மறுத்து, எருமையும் பசுவும் பெறுகிறாள். அவள் தலையில் சுமையோடு அலைகிறாள், அதில் பொற்காலம் எதுவும் இல்லை. ஆனால் தன் நெய்க்கு ஈடு எது என்பதை அவளே சொல்கிறாள். வாங்குபவரின் முகம் பார்த்து மறுக்கும் அந்த இடம் இன்றைய செல்பேசித் திரையில் இல்லை.

அடுத்து, வீடு யாருடையது என்ற கேள்வி. விளம்பரம் இதைக் கேட்பதில்லை, ஜிஎஸ்டி பதிவு விண்ணப்பம் கேட்கிறது. தொழில் நடக்கும் இடத்துக்குச் சொத்து வரி ரசீதோ மின்கட்டண ரசீதோ சான்றாக வேண்டும். அது வேறொருவர் பெயரில் இருந்தால் அவருடைய ஒப்புதல் கடிதம் வேண்டும். நம் வீடுகளில் அந்த ரசீதுகளில் யார் பெயர் இருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். மாமனார் பெயர் இருக்கும், கணவர் பெயர் இருக்கும். இருபது வருடம் கூட்டிப் பெருக்கிய வீட்டில் ஒரு தொழில் தொடங்க அவள் கையெழுத்து கேட்டு நிற்க வேண்டும்.

2023 அக்டோபர் 1 முதல் ஒரு தளர்வு வந்தது. விற்றுமுதல் வரம்புக்குள் இருக்கும் சிறு விற்பனையாளர்கள், ஜிஎஸ்டி பதிவு இல்லாமலே தளங்களின் வழியாகப் பொருள் விற்கலாம். பான் எண்ணும் முகவரியும் தந்து ஒரு சேர்க்கை எண் வாங்கினால் போதும். அந்த வரம்பு தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 40 லட்சம், புதுச்சேரியில் 20 லட்சம். ஆனால் தங்கள் மாநிலத்துக்குள், அல்லது யூனியன் பிரதேசத்துக்குள் மட்டுமே விற்க வேண்டும். இது சென்னைப் பெண்ணுக்கு ஒரு முழு மாநிலம். லாஸ்பேட்டைப் பெண்ணுக்கோ பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன எல்லைக்கோடு. அவள் ஆந்திரத்துக்குள் இருக்கும் ஏனாமுக்கும் கேரளத்துக்குள் இருக்கும் மாஹேக்கும் அனுப்பலாம். முத்தியால்பேட்டையை ஒட்டிய கோட்டக்குப்பத்துக்கு அனுப்ப முடியாது, அது தமிழ்நாடு. ஒன்று, ஒப்புதல் கடிதம். இல்லையென்றால், இந்தச் சின்னஞ்சிறு எல்லை. பதிவு எளிது என்று சொல்லித்தரும் பயிற்சி வகுப்புகள் இந்த இரண்டையும் பெண் பிரச்சினையாகப் பார்ப்பதில்லை.

முகவரியும் அப்படித்தான். 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், விற்பவரின் பெயரையும் முகவரியையும் தளத்தில் காட்டச் சொல்கின்றன. ஏமாந்த நுகர்வோர் ஒருவரைத் தேடிப் பிடிக்க அது தேவை. ஆனால் கடைக்காரரின் முகவரி இரவில் பூட்டிய ஷட்டர். வீட்டிலிருந்து விற்பவளின் முகவரியோ அவள் உறங்கும் அறை. பொருளைத் திருப்பி அனுப்பிய கோபக்காரருக்கும், பொட்டலத்தில் தொலைபேசி எண் பார்த்த அந்நியருக்கும் அந்த வாசல் தெரியும். பொதுவெளியில் பெண்ணின் பாதுகாப்பைப் பேசும் நாம், பொதுவெளி வீட்டுக்குள் வரும் இந்த வழியைப் பேசியதில்லை.

விற்காதீர்கள் என்பதல்ல என் வாதம். சொந்தக் கையில் வரும் ஐந்நூறு ரூபாயின் பலம் நமக்குத் தெரியும். விற்கத் தொடங்கும் தோழிக்கு நாம் சொல்ல வேண்டியவை வேறு. பான் எண்ணும் வங்கிக் கணக்கும் உன் பெயரிலேயே இருக்கட்டும். மகனின் செல்பேசியில் ஓடிபி வரும் கணக்கு உன் கணக்கு அல்ல. விலை எழுதும்போது நூல், மணி, கூரியர் என்ற வரிசையில் உன் மணிக்கணக்கையும் ஒரு வரியாக எழுது. அந்த வரியைத் தொடாமல் எவ்வளவு குறைக்க முடியும் என்று பார். முடியுமானால் நான்கைந்து பேர் சேர்ந்து வெளியே ஓர் அறை பிடியுங்கள். தைக்கவும் கட்டவும் அங்கே இடம் இருக்கும், பொட்டலத்தில் அந்த முகவரி போகும். வாடகை ஒப்பந்தத்தில் வாடகைதாரர் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கும்.