புனைவுலகின் தீய சமூகங்கள்: காலகேயரும் கும்பகருணனும்

மிகுபுனைவுக் கதைகளிலும் விளையாட்டுகளிலும் ஓர் இனம் முழுவதையும் தீயதாகப் படைக்கும் வழக்கம் உண்டு. அரக்கர், அசுரர், காட்டுமிராண்டிகள் எனப் பெயர் மாறினாலும் அவர்களுக்குத் தரப்படும் வேலை ஒன்றுதான்: நாயகன் மனம் உறுத்தாமல் வெட்டி வீழ்த்துவதற்கு ஆளாக நிற்பது. இவ்வழக்கத்தை விளையாட்டு, திரைப்படம், காப்பியம் ஆகிய மூன்றிலும் வைத்து மதிப்பிடுகிறது இக்கட்டுரை.

விளையாட்டில்

பாத்திரமேற்பு விளையாட்டில் ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசியும் பகடை உருட்டியும் அதை முன்னே கொண்டு செல்வார்கள். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974இல் வெளிவந்து இவ்வகைக்கு முன்னோடியானது. அதன் விதிநூல்கள் ஒவ்வோர் உயிரினத்துக்கும் ஓர் அறச்சார்பைக் குறித்தன. ஓர்க் இனமும், கருநிறத் தோலுடைய டிரவ் இனமும் தீயவை எனக் குறிக்கப்பட்டன. ‘இவனை ஏன் கொல்கிறேன்?’ என்று ஆடுபவர் கேட்கும் முன்பே புத்தகம் பதில் சொல்லிவிட்டது. இவ்விரு இனங்களையும் மற்றவற்றைப் போலவே அறச்சிக்கலும் பண்பாட்டுச் செறிவும் உடையவையாகக் காட்டப்போவதாக 2020 ஜூனில் பதிப்பாளரே அறிவிக்க நேர்ந்தது.

இதற்கு முன்பே ஆர். ஏ. சால்வடோர் தம் நாவல்களில் ஒரு வழி கண்டிருந்தார். அவருடைய டிரிஸ்ட் என்ற டிரவ் வீரன் தன் இனத்தின் கொடுமை பொறுக்காமல் நகரை விட்டு வெளியேறுகிறான். நமக்கு இது பழகிய கதை; இவன் வீடணன். ஆனால் நல்லவன் வெளியேறிவிட்டால் ஊர் முன்னிலும் தீயதாகத்தான் எஞ்சும். விதிவிலக்கு ஒன்றைக் காட்டுவதால் விதி மாறிவிடுவதில்லை.

திரையில்

எஸ். எஸ். ராஜமௌலியின் ‘பாகுபலி’ முதற்பாகத்தில் (2015) மகிழ்மதியைத் தாக்க வருபவர்கள் காலகேயர். மகாபாரதத்தில் இது அசுரரின் பெயர். அவர்கள் ஒளிந்திருந்த கடலைத்தான் அகத்தியர் குடித்தார். படத்தின் காலகேயருக்காக மதன் கார்க்கி ஏறத்தாழ 750 சொற்களும் 40 இலக்கண விதிகளும் கொண்ட கிளிக்கி மொழியை உருவாக்கினார். இது பாராட்டத்தக்க உழைப்பு. ஆயினும் ஒரு மொழி இருந்தால் அதில் தாலாட்டு இருக்கும், வழக்கு இருக்கும், தலைவனோடு வாதாடும் கிழவரும் இருப்பார். படம் காட்டுவதோ கறுப்புச் சாயம் பூசிய உடல்களையும் கூச்சலையும் மட்டுமே. இலக்கணம் பெற்ற அம்மக்களுக்கு ‘வேண்டாம்’ என்று சொல்ல ஒருவர் கூட வாய்க்கவில்லை.

காப்பியத்தில்

கம்பரின் இலங்கையில் அப்படிச் சொல்பவர்கள் பலர். அசோகவனத்தில் சீதைக்கு ஆறுதல் சொல்பவள் அரக்கர் குலத்துத் திரிசடை. அவையில் இராவணனின் செயலைப் பழிப்பவன் கும்பகருணன். சீதை மீதான ஆசையை விட்டுவிடும்படி கடைசியில் இந்திரசித்தே தந்தையிடம் கூறுகிறான். தம்பக்கம் வந்துவிடுமாறு வீடணன் அழைக்கும்போது கும்பகருணன் மறுக்கிறான். அண்ணன் செய்தது பிழை என்று அறிந்தே அவனுக்காகச் சாகப் போகிறான். வீடணனைத் திரும்பிப் போய் வாழச் சொல்பவனும் அவனே. இலங்கையின் தீமை இரத்தத்தில் இல்லை. ஓர் அரசனின் ஆசையிலும், அதைத் தடுக்க முடியாத கடமையிலும் இருக்கிறது. அதனால்தான் அந்தச் சாவு நம்மை வருத்துகிறது.

புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ (1946) பக்கங்களையே மாற்றி, இராவணனைத் தலைவனாக்கியது. 1948இல் தடை செய்யப்பட்டு 1971இல் விடுதலை பெற்ற அந்நூல் கேட்ட கேள்வி அவசியமானது. எனினும் நல்லவர், தீயவர் என்ற அட்டைகளை இடம் மாற்றுவதும் அறச்சிக்கலும் ஒன்றல்ல.

ஏன் இது முக்கியம்

‘பிறப்பால் தீயவர்’ என்பது கற்பனையோடு நின்றதில்லை. 1871இன் குற்றப்பரம்பரைச் சட்டம் சமூகங்களை முழுமையாகக் குற்றவாளிகள் என எழுதியது. 1911இன் திருத்தச் சட்டத்திற்குப் பின் சென்னை மாகாணத்தில் பிரமலைக்கள்ளர், மறவர் உள்ளிட்டோர் அதன் கீழ் வந்தனர். கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிக்கு இரையானார்கள். அங்கும் கேள்விக்கு முன்பே ஏட்டில் பதில் எழுதப்பட்டிருந்தது.

மதிப்பீடு

தீய சமூகத்தைப் படைக்கக் கூடாது என்பதல்ல இதன் பொருள். அடிமைச் சந்தை நடத்தும் நகரத்தைத் தாராளமாகப் படைக்கலாம். ஆனால் அதில் இலாபம் யாருக்கு, அஞ்சி ஒத்துப்போவது யார், தெரிந்தும் விலக முடியாதவர் யார் என்று படைப்பவர் சொல்ல வேண்டும்.

களத்தைத் தேடித் தமிழர் தொலைவு போக வேண்டியதில்லை. வாசுதேவநல்லூர்க் கோட்டை பூலித்தேவருடையது. அதைத் தாக்கிய யூசுப் கான் கும்பினிப் படைத் தளபதி. பின்னர் அதே கும்பினியையும் ஆர்க்காட்டு நவாபையும் எதிர்த்து 1764இல் தூக்கிலிடப்பட்டவர். இந்த முற்றுகையை விளையாட்டாக அமைப்பவர் அவருடைய அட்டையில் ‘நல்லவர்’, ‘தீயவர்’ என்ற இரண்டில் எதை எழுதுவது என்று நெடுநேரம் யோசிக்க வேண்டியிருக்கும். அந்த யோசனையை ஆடுபவர்களுக்கும் விட்டுவைப்பதே நல்ல விளையாட்டு.