இங்க் போட்டதும் நின்றுபோன ஆட்டம்

திண்டுக்கல்லிலிருந்து கரூர் ரோட்டில் கொஞ்ச தூரத்தில் தாடிக்கொம்பு. சௌந்தரராஜப் பெருமாள் கோயிலின் தூண் சிற்பங்களைப் பார்க்க மகளோடு போயிருந்தேன். ஊர்த்துவ தாண்டவரை நான் போனில் நாற்பது படம் எடுத்தேன். அவள் நடை சாத்துவதற்குள், பத்தே நிமிஷத்தில், 2பி பென்சிலில் ஒரு ஸ்கெட்ச் போட்டாள். முகம் வெறும் வட்டம். தூக்கிய காலுக்கு மட்டும் மூணு கோடு.

"வீட்டுக்குப் போய் இங்க் போட்டு முடிச்சிரும்மா" என்றேன். முடித்தாள். பென்சிலைச் சுத்தமாக அழித்தும் விட்டாள். படம் நீட்டாக வந்தது, ஆனால் ஆட்டம் நின்றுபோயிருந்தது.

ஏன்? ஸ்கெட்ச் எளிமையானது, உடனடியானது, அதனால் அழகு என்று சொல்லிவிடலாம். ஆனால் எளிமை வேறு, உடனடித்தன்மை வேறு. ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' வரைந்த சில்பி, சிலைக்கு முன்னால் உட்கார்ந்தே வரைந்தவர். ஆனால் ஒரு நகை, ஒரு மடிப்பைக்கூட விடமாட்டார். நேரில் பார்த்தது உண்டு, எளிமை இல்லை. கே.எம். ஆதிமூலம் 1969-ல் காந்தி நூற்றாண்டை ஒட்டி நூறு கோட்டோவியங்கள் போலப் போட்டார். காந்தி மறைந்து 21 வருஷம் ஆகியிருந்தது. எதிரே ஆள் இல்லை, ஆனாலும் சில கோடுகளிலேயே மனிதர் எழுந்து நடக்கிறார்.

இருவருக்குமே மைதான் கருவி. மைக்கோடு ஒரு முடிவு, அதை எடுக்கும் துணிச்சல் அவர்களுக்கு இருந்தது. பென்சில் கோடு அப்படியில்லை. அந்த மூணு கோடும், கால் எங்கே என்று கண் தேடிய தடம். கிராஃபைட் காகிதத்தின் சொரசொரப்பில் ஒட்டுவதால் அழுத்திய இடம் கறுப்பு, தயங்கிய இடம் சாம்பல். ஜெல் பேனாவில் இந்த ஏற்ற இறக்கம் வராது. மூணில் ஒன்றைத் தேர்ந்து மற்றதை அழித்ததும், கல்லில் ஆடிய கால் காகிதத்தில் கல்லாகிவிட்டது.

எங்கள் வேலையில் யாராவது பழைய வெர்ஷனை அழித்தால் திட்டித் தீர்ப்போம். இங்கே அழிக்க வைத்ததே நான்தான். என் நாற்பது போட்டோவில் ஒன்றுகூட அந்த ஸ்கெட்ச் இல்லை.

அதையே திரும்ப வரையச் சொல்லிக் கேட்டேன். "அதே மாதிரி வராதுப்பா. வேணும்னா இன்னொரு நாள் போயி வேற ஒண்ணு போடலாம்" என்றாள்.