ஆடாஸிட்டி: துணிவா, துடுக்கா?

ஆங்கிலத்தில் ‘ஆடாஸிட்டி’ என்றொரு சொல் உண்டு. அகராதியைப் புரட்டினால், ‘அஞ்சாத் துணிவு’ என்ற பொருளும் ‘நாணமற்ற துடுக்கு’ என்ற பொருளும் அருகருகே நிற்கும். புகழும் பழியும் ஒரே கூரையின்கீழ்க் குடியிருக்கும் இச்சொல்லைத் தமிழாக்க முனைவோர், இடம் நோக்காது ஏதேனும் ஒரு பொருளையே எங்கும் பெய்துவிடலாகாது.

ஒரு படைத்தலைவனின் திட்டத்தைக் குறித்து வரும்போது இச்சொல் பெரும்பாலும் பாராட்டாகும். பராக் ஒபாமா 2006-இல் வெளியிட்ட நூலின் தலைப்பில், நம்பிக்கை என்னும் நற்பண்போடு இது கைகோத்து நிற்கிறது. ஆனால், ‘இன்னதைச் செய்ய அவனுக்கு ஆடாஸிட்டி இருந்தது’ என்ற அமைப்பில் வந்தாலோ, ஏறக்குறைய எப்போதும் கண்டனமே. நம் ‘துணிச்சலும்’ இத்தகையதுதான். ‘துணிச்சலான பெண்’ என்றால் மெச்சுகிறோம். ‘என்னிடமே கேட்க எவ்வளவு துணிச்சல்!’ என்றால் சினக்கிறோம்.

அங்ஙனமாயின் இரண்டையும் பிரித்தறிய அளவுகோல் யாது?

இச்சொல்லின் வேர், ‘துணிதல்’ எனப் பொருள்படும் இலத்தீன் வினை. ரோமானிய அறிஞர் ஸிஸரோ, கடமைகளைப் பற்றிக் கி.மு. 44-இல் எழுதிய நூலில் ஓர் அளவுகோலைத் தருகிறார். இடரை எதிர்கொள்ளும் நெஞ்சம் பொதுநலத்தால் அன்றித் தன்னிச்சையால் உந்தப்படுமானால், அதனை வீரம் எனல் தகாது. ‘அவுடாக்கியா’, அதாவது வெறுந்துணிச்சல், என்றே கூறவேண்டும் என்பது அவர் கருத்து.

சார்லஸ் டிக்கன்ஸின் ‘ஆலிவர் ட்விஸ்ட்’ 1837-இல் தொடராக வெளிவரத் தொடங்கியது. அதில், ஏழையர் விடுதிச் சிறுவன் ஆலிவர், கிண்ணமும் கையுமாக எழுந்து சென்று இன்னும் சிறிது கஞ்சி கேட்கிறான். விடுதியை ஆள்வோர்க்கு அது பொறுக்கொணாத் துடுக்கு. அவனை அடைத்துவைக்கிறார்கள், அவனைக் கொண்டுசெல்வோர்க்கு ஐந்து பவுன் தருவதாக விளம்பரமும் ஒட்டுகிறார்கள். ஆனால் அவன் தானாகவா எழுந்தான்? பசித்த சிறுவர்கள் அனைவரும் சீட்டுப் போட்டார்கள். சீட்டு அவன்மீது விழுந்தது. அத்தனை வயிறுகளுக்காகவும் அஞ்சியஞ்சிக் கேட்டான். ஸிஸரோவின் அளவுகோலால் அளந்தால், அது வீரமன்றோ?

ஆகவே, இச்சொல் பல வேளைகளில் செய்தவனின் குணத்தைவிடச் சொல்பவனின் இருக்கையையே காட்டிக்கொடுக்கிறது. உண்டு களித்தவனுக்குத் துடுக்காகத் தோன்றுவது, பசித்தவனுக்குத் துணிவு. மொழிபெயர்ப்பாளர் அகராதியைத் திறக்குமுன், ‘சொல்பவர் யார்? யாருக்காகத் துணிந்த செயல் இது?’ என்று வினவுதல் வேண்டும். இல்லையேல், ஆலிவரின் கிண்ணத்தைத் தமிழிலும் நாமே தட்டிப்பறித்தவர்களாவோம்.