மிதந்த துளி

ஜூன் மாதம், குற்றாலத்தில் சாரல் தொடங்கிய வாரம். தென்காசிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் ரத்த தான முகாம். நண்பர்கள் சிலர் சேர்ந்து நடத்தியது. நானும் மதினியும் போயிருந்தோம். வாசலை ஒட்டிய மேசையில் ஒரு கண்ணாடிக் குடுவை, அதில் நீலக் கரைசல். மயில்துத்தம் கலந்த தண்ணீர். விரலில் குத்தி எடுத்த ஒரு துளி ரத்தத்தை அதில் விடுகிறார்கள். பதினைந்து விநாடிக்குள் துளி மூழ்கினால் ஹீமோகுளோபின் போதுமான அளவு இருக்கிறது என்று அர்த்தம். மிதந்தால் இல்லை. முட்டை நல்லதா கெட்டதா என்று தண்ணீரில் போட்டுப் பார்க்கிற அதே வித்தைதான்.

என் துளி குண்டுமணி போல அடியில் போய் உட்கார்ந்தது. மதினியின் துளி கொஞ்சம் இறங்கி, யோசித்து, மேலே வந்தது.

"ரத்தம் கம்மி. நீங்க போலாம்மா" என்றார் சோதித்த பெண். அவ்வளவுதான். அடுத்த விரல் நீண்டுவிட்டது.

இந்த ‘போலாம்மா’வில்தான் நம் ரத்த தான முறையின் பலமும் பலவீனமும் ஒருசேர இருப்பதாக எனக்குப் படுகிறது.

முதலில் பலம். இந்தியாவில் ரத்தம் கொடுக்க 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், 65ஐத் தாண்டக் கூடாது. எடை குறைந்தது 45 கிலோ. ஹீமோகுளோபின் 12.5 கிராம். ஒருமுறை கொடுத்த ஆண் 90 நாளும் பெண் 120 நாளும் காத்திருக்க வேண்டும். இவை கொடுப்பவரைக் காப்பதற்கான கணக்குகள். 45 கிலோ உடம்பில் ஓடுவது சுமார் மூன்று லிட்டர். அதில் 350 மில்லி போனால் தாங்கும். 450 எடுக்க வேண்டுமானால் 55 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். தண்ணீர்ச் சத்து ஓரிரு நாளில் ஊறிவிடும், இரும்புச் சத்து ஊற மாதக்கணக்காகும். மதினியைத் திருப்பி அனுப்பியது நூற்றுக்கு நூறு சரி.

இப்படி ஒரு ஒழுங்கு வந்ததே பெரிய காரியம். ஒருகாலத்தில் ஆஸ்பத்திரி வாசலில் பணத்துக்கு ரத்தம் விற்பவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பால், 1998 ஜனவரி முதல் அந்த வியாபாரம் தடை செய்யப்பட்டது. இன்று எடுக்கப்படும் ஒவ்வொரு பையும் எச்.ஐ.வி., இரண்டு வகை மஞ்சள் காமாலை வைரஸ், மேகப்புண், மலேரியா என ஐந்து சோதனைகளைத் தாண்டியே நோயாளியிடம் போக முடியும்.

ஆனால் திருப்பி அனுப்பப்பட்டவர் எங்கே போகிறார்? தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே போனால்தான் அந்தக் கணக்கில் வரும். தானத்துக்கான கோடு அதற்கும் அரை கிராம் மேலே. ஆக, பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு இந்த மேசையோடு முகாம் முடிந்துவிடுகிறது. ஆலங்குளம், கடையநல்லூர் வட்டாரங்களில் காலை முதல் இருட்டும்வரை மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இது அதிர்ச்சி தராது. மதினியும் அவர்களில் ஒருவர். அவருக்கு அந்தத் துளி மிதந்தது ஒரு நோய்க்குறி. முகாமுக்கு அது ஒரு பை குறைவு, அவ்வளவே.

அடுத்த மேசையில் படிவம். என் முறை வந்தபோது தன்னார்வத் தம்பி ஒருவர் கேள்விகளைப் படிக்காமலே ‘இல்லை’, ‘இல்லை’ என்று கீழே வரை டிக் அடித்துக்கொண்டு போனார். அதில் ஒரு வரி டைபாய்டு. குணமாகி ஓராண்டு ஆகாமல் கொடுக்கக் கூடாது. எனக்கு டைபாய்டு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. கட்டிலில் படுத்து ரப்பர் பந்தை அமுக்கும்போது அது நினைவுக்கு வந்தது. சொல்லவில்லை. முகாம் நடத்துபவன் கூடப் படித்தவன். நூறு பை என்று பேனரில் போட்டிருந்தான். எனக்குப் பின்னால் வரிசையில் எல்லாரும் தெரிந்த முகம். எழுந்து போவதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டியிருக்கும். டைபாய்டைச் சொல்லவே இவ்வளவு கூச்சம் என்றால், அந்தப் படிவத்தில் அதற்குக் கீழே உள்ள அந்தரங்கக் கேள்விகளுக்கு யார் அங்கே உண்மை சொல்வார்கள்?

பச்சை குத்தினாலோ உடம்பில் துளை போட்டாலோ ஓராண்டு கொடுக்கக் கூடாது என்பதும் விதி. எங்கள் பக்கம் அம்மன் கோயில், சுடலைமாடன் கோயில் திருவிழாவுக்குப் பெயரே கொடைதான். அங்கே அலகு குத்திக்கொண்டவரிடம் "பச்சை குத்தியிருக்கீங்களா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் சொல்வார். அதில் பொய் இல்லை. அலகு நேர்த்திக்கடன் ஆயிற்றே, அதைப் பச்சையோடு யார் சேர்ப்பார்கள்? கேள்வி ஊர்ப் பாஷையில் இறங்காதவரை, கோயில் கொடை ரத்தக் கொடையின் படிவத்துக்குள் வராது.

சரி, எப்படியும் சோதனை இருக்கிறதே என்று தோன்றலாம். தொற்று உடம்பில் நுழைந்த நாளுக்கும் சோதனையில் தெரியும் நாளுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. எவ்வளவு நல்ல கருவியானாலும் அதைச் சுருக்கலாம், இல்லாமலாக்க முடியாது. அந்த நாட்களுக்குக் காவல், கொடுப்பவரின் வாய்தான். அதைவிட மோசமானதும் நடந்திருக்கிறது, இங்கிருந்து அதிக தூரமில்லாத சாத்தூரில். 2018 டிசம்பரில் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. சிவகாசியில் அதைக் கொடுத்த இளைஞர் 2016லேயே ஒரு முகாமில் ரத்தம் கொடுத்தவர். அப்போதே தொற்று தெரிந்திருக்கிறது, அவரிடம் சொல்லப்படவில்லை. இரண்டாம் முறை உறவினர் ஒருவருக்காகக் கொடுத்தார். பிறகு வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் விஷயம் தெரிந்ததும், தானே ரத்த வங்கிக்குத் தகவல் சொன்னார். அதற்குள் ஏற்றிவிட்டார்கள். அந்த மாத இறுதியில் அந்த இளைஞர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த மாதம் பிறந்த குழந்தைக்குத் தொற்று இல்லை என்று பின்னர் தெரிந்தது மட்டுமே ஆறுதல்.

அந்தச் சம்பவத்தைச் சோதனைத் தவறு என்று பேசி முடித்தோம். எனக்கு அதில் உறைப்பது வேறு. 2016இல் அந்த ரத்தம் கழிக்கப்பட்டது, மனிதர் விட்டுவிடப்பட்டார். பையைக் காக்கத் தெரிந்த அமைப்புக்கு ஆளைத் தேடிப்போய்ச் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் உண்மையைச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

தேசிய ரத்த மாற்றுக் குழு 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் தலைப்பிலேயே இரண்டு வேலைகள் இருக்கின்றன: கொடையாளரைத் தேர்ந்தெடுப்பது, கொடையாளரை உரிய சிகிச்சைக்கு அனுப்புவது. முகாம்களில் நடப்பது முதல் பாதி.

அதே வழிகாட்டுதலில் இன்னொரு சிக்கல். திருநங்கையரும் ஆணோடு உறவுகொள்ளும் ஆண்களும் பாலியல் தொழில் செய்யும் பெண்களும் ரத்தம் கொடுக்கவே கூடாது என்கிறது. 2021இல் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர் மணிப்பூரைச் சேர்ந்த திருநங்கைச் செயற்பாட்டாளர் தங்ஜம் சாந்தா சிங். இந்தப் பிரிவினரிடையே தொற்று விகிதம் அதிகம், பெறுபவரின் பாதுகாப்பே முக்கியம் என்பது அரசின் பதில். அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொண்டு வாழும் தலசீமியாக் குழந்தையின் தாய் வேறெதையும் கேட்க மாட்டாள். ஆனால் இந்த விதி ஒருவர் என்ன செய்தார் என்று கேட்பதில்லை, யார் என்று கேட்கிறது. ஆண்டுக்கணக்காக யாரோடும் உறவில்லாத திருநங்கை வாசலோடு திரும்ப வேண்டும். சீசனுக்குக் குற்றாலம் வந்து லாட்ஜில் என்னவெல்லாமோ செய்துவிட்டுப் போகும் குடும்பஸ்தர் ஒரு ‘இல்லை’யில் உள்ளே வந்துவிடலாம். பிரிட்டன் 2021 ஜூனிலும் அமெரிக்கா 2023 மே மாதத்திலும் எல்லாரிடமும் ஒரே கேள்வி, அண்மை மாதங்களில் நடந்தது என்ன என்ற கேள்வி, என்று மாறிவிட்டன. 2008லேயே திருநங்கையருக்கு நலவாரியம் கண்ட மாநிலத்துக்கு இதைப் பேசும் தகுதி உண்டு. ஆனால் ஒன்று: அந்த முறைக்குக் கதவு சாத்திய ஓர் அறையும் அவசரப்படாமல் கேட்கும் ஓர் ஆளும் வேண்டும். மண்டபத்து மேசையில் அது நடக்காது.

எண்ணிக்கை மோகம்தான் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கிறது. தலைவர் பிறந்தநாள், நடிகர் பிறந்தநாள், ஜூன் 14 உலக ரத்தக் கொடையாளர் நாள் என்று ஒரே நாளில் குவிக்கிறோம். சாதாரணப் பையில் ரத்தம் 35 நாள்தான் நிற்கும். தட்டணுக்கள் ஐந்தே நாள். விபத்துக்கோ சீசன் கிடையாது. குற்றாலத்தில் குளித்துவிட்டுத் திரும்பிய ஆறு பேர் புளியங்குடி அருகே சிமெண்ட் லாரியில் கார் மோதி இறந்தது 2024 ஜனவரியில். தென்காசி தனி மாவட்டம் ஆன பிறகும் பெரிய கேஸ் என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடுகிறோம். ஒரே நாளில் நூறு பேர் வருவதைவிட, வாரத்துக்கு இரண்டு பேர் ரத்த வங்கிக்கே போய்க் கொடுத்தால் பை வீணாகாது. படிவத்தையும் உட்கார்ந்து படிக்க நேரம் கிடைக்கும். பேனர் மட்டும் கிடைக்காது.

அன்று எனக்கு மாம்பழ ஜூஸும் பிஸ்கட்டும் சான்றிதழும் தந்தார்கள். மதினி வெளியே படியில் உட்கார்ந்திருந்தார். "ஒடம்புல ரத்தமே இல்லையாம்லா" என்று சிரித்தார். எந்த மாத்திரை, எந்த ஆஸ்பத்திரி என்று ஒரு துண்டுச் சீட்டு எழுத அரை நிமிடம் ஆகியிருக்கும், யாரும் எழுதவில்லை. நானும் டைபாய்டு விஷயத்தைப் போன் பண்ணிச் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து, ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா என்று மதினியிடம் கேட்டேன். ஒரு நாள் போனால் அன்றைய பீடி போய்விடும், கொடை முடியட்டும், பார்க்கலாம் என்றார்.