தொப்பிப் பக்கம்

புதுக்கோட்டை லயப் பரம்பரையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எல்லோரும் கணக்கில்தான் ஆரம்பிக்கிறார்கள். மான்பூண்டியா பிள்ளையின் கணக்கு, அவர் சிஷ்யர் தட்சிணாமூர்த்திப் பிள்ளையின் (1875-1936) கணக்கு, கோர்வை, மோரா, திஸ்ரத்தில் நுழைந்து கண்டத்தில் சுற்றிச் சமத்தில் வந்து விழும் சாமர்த்தியம். இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டிவிடலாம் என்பதால் அது விமர்சகனுக்கு வசதியாகவும் போய்விட்டது. எழுதிக் காட்ட முடியாத ஒன்றும் அதே பரம்பரையில் இருந்தது. அது மிருதங்கத்தின் தடித்த ஓசை தரும் முகத்தில், தொப்பியில் இருந்தது. அதைப் பற்றி நாம் ஒழுங்காகப் பேசியதில்லை.

இதை இப்போது பேசக் காரணம் பேஸ் கிதார். மெல்லிசைக் குழுவிலோ மாதா கோயில் பாடற்குழுவிலோ சேர்ந்து பேஸ் கிதார் வாசிக்க ஆசைப்படும் இளைஞன், தந்திகளைக் கண்டுகொண்ட சில மாதங்களில் ஒரு சுவரில் முட்டிக்கொள்கிறான். எந்தத் தந்தியில் எந்த ஃப்ரெட் என்று எண்களாக எழுதிய குறிப்பு அவன் செல்பேசியிலேயே கிடைக்கிறது. அதன்படி விரல் போகிறது. ஸ்வரம் சரி, தாளமும் தப்பவில்லை. ஆனால் கேட்கிறவன் தலை அசைவதில்லை. 'க்ரூவ்' இல்லை என்கிறார்கள். அது எங்கே கிடைக்கும் என்று அவன் டெட்ராய்ட்டையும் லண்டனையும் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் ஊரிலேயே நூறு வருஷமாக அதற்கு ஒரு பெயர் புழங்கிவந்திருக்கிறது: சர்வலகு.

க்ரூவ் என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பள்ளம், தடம் என்று பொருள். இசைத்தட்டில் ஊசி ஓடும் தடமும் அதுதான். உழவில் சால் என்கிறோமே, அதற்குப் பக்கத்துச் சொல். முன்னேர் போன வழியே பின்னேர் என்ற பழமொழியைப் புத்தியில்லாமல் பின்பற்றுவதற்குச் சொல்வார்கள். லயத்தில் அது புத்தியின் உச்சம். ஏற்கெனவே விழுந்த சாலில் மறுபடி மறுபடி இறங்கி, ஒவ்வொரு முறையும் மண்ணைப் புதிதாகப் புரட்டுவது. சர்வலகுவும் இதுதான். பாட்டின் நடையோடு நிரவிக்கொண்டு போவது, கணக்கு காட்டாமல் காலத்தை நிறுத்தி வைப்பது. கச்சேரியில் இதற்குக் கைதட்டல் விழாது. இது இல்லாவிட்டால் கைதட்டல் வாங்கும் எதுவும் நிற்காது.

மான்பூண்டியா பிள்ளையிடம் கற்றவர் பழனி முத்தையா பிள்ளை. அவர் மகன் சுப்பிரமணிய பிள்ளை (1908-1962). கணக்குக்குப் பேர்போன பரம்பரையில் வந்தவர், கணக்கில் குறைந்தவரும் அல்ல. ஆனால் அவரைக் கேட்டவர்கள் இன்றும் முதலில் சொல்வது அவருடைய கும்கியை. தொப்பியில் தட்டி, அந்த ஓசை அடங்குமுன் கையை அழுத்தித் தேய்த்து ஸ்தாயியை மேலே வளைப்பது கும்கி. பேஸ் கிதாரில் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு விரலை இழுத்துக்கொண்டு போவதற்கு வெகு அருகில் இருக்கிற காரியம். அவருக்கு இடதுகைப் பழக்கம். மற்றவர்கள் வலது கையில் வாசிக்கும் வலந்தலையை அவர் இடது கையிலும், தொப்பியை வலது கையிலும் வாசித்தார். இதனால் மேடையில் பக்கவாத்தியக்காரர்கள் இடம் மாறி உட்கார வேண்டியிருந்தது. அது பெரிய தர்மசங்கடமாக்கப்பட்ட காலத்தில் செம்பை வைத்தியநாத பாகவதர் அவருக்குப் பக்கபலமாக நின்றார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இடதுகைக்காரருக்கு வலது கை இரண்டாவது கை. எல்லா மிருதங்கக்காரர்களையும் போலவே அவருக்கும் தொப்பி வாய்த்தது சாமர்த்தியம் குறைந்த கையில்தான். வேகமாக ஓடும் சொற்கட்டுகளை வலந்தலை ஏற்றுக்கொள்கிறது. தொப்பிக்குக் கிடைப்பது கொஞ்சம் அடிகள், நிறைய இடைவெளி. அந்தக் கொஞ்சத்தை எங்கே வைப்பது, எப்போது மூடுவது என்பதிலேயே ஒரு மனிதரின் முழு லயப்பிரக்ஞையும் தெரிந்துவிடுகிறது.

பேஸ் கிதாரின் சரித்திரம் இதையே வேறு ஊரில் சொல்கிறது. லியோ ஃபெண்டர் 1951-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மின் பேஸில் நான்கே தந்திகள். அதை ஒரு பாஷையாக்கியவர் ஜேம்ஸ் ஜேமர்சன் (1936-1983). டெட்ராய்ட்டில் மோடவுன் கம்பெனியின் பாட்டுகளுக்கு வாசித்தவர். தந்தியை மீட்ட அவர் உபயோகித்தது பெரும்பாலும் வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும். ஒரு விரல் போதுமா என்று வேகத்தை வழிபடுகிறவன் கேட்பான். ஒரு விரலில் ஒவ்வொரு மீட்டும் அதே கனத்தோடு விழுகிறது, ஒவ்வொன்றுக்கும் முன்னால் அந்த விரல் திரும்பி வர வேண்டியிருக்கிறது. திரும்பி வரும் அந்த நேரமும் வாசிப்பில் சேர்ந்துவிடுகிறது. தந்தியில் ஒரு விரலும் தொப்பியில் இரண்டாவது கையும் ஒரே பாடத்தைத்தான் கற்றிருக்கின்றன.

கீழ் ஓசைக்கு ஏன் இந்தப் பொறுப்பு? 2014-இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். மேல் ஸ்தாயி ஒன்று, கீழ் ஸ்தாயி ஒன்று என இரண்டு ஓசைகளைச் சேர்த்து ஒரே சீராக ஒலிக்கவிட்டு, இடையிடையே ஏதாவது ஒன்றை மட்டும் 50 மில்லி செகண்ட் முந்தி ஒலிக்கச் செய்தார்கள். கீழ் ஓசை முந்தியபோது மூளை காட்டிய பிரதிபலிப்பு அதிகம். தாளத்துக்கு விரல் தட்டியவர்களும் கீழ் ஓசையின் பிசகுக்கே அதிகம் இசைந்து கொடுத்தார்கள். மேல் ஓசையின் பிசகைக் காது மன்னிக்கிறது. கீழ் ஓசையின் பிசகை உடம்பு பிடித்துவிடுகிறது. வித்வான்கள் இதைப் பரிசோதனை இல்லாமலே தெரிந்துவைத்திருந்தார்கள். கச்சேரிக்கு முன் தொப்பியில் ரவையைப் பிசைந்து ஒட்டி, தட்டிப் பார்த்து, கிள்ளி எடுத்து, மறுபடி ஒட்டும் அந்த மெனக்கெடல் வேறு எதற்கு?

மான்பூண்டியா பிள்ளை கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த கஞ்சிராவில் இது இன்னும் கறாராக இருக்கிறது. தொப்பி என்று தனி முகம் அதில் கிடையாது. இருப்பது ஒரே தோல். அதன் உட்புறம் தண்ணீர் தடவித் தளர்த்தினால்தான் கீழ் ஓசை பேசும். வாத்தியத்தைப் பிடித்திருக்கும் கையின் விரல்கள் தோலின் ஓரத்தை அழுத்தியும் விட்டும் அதை வளைக்க வேண்டும். வாசிக்கிற கையைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். பாதிச் சங்கீதம் பிடிக்கிற கையில் நடக்கிறது. பேஸ் கிதாரிலும் அப்படியே. மீட்டும் கை ஓசையை ஆரம்பிக்கிறது. அது எப்போது செத்துப்போக வேண்டும் என்று தீர்மானிப்பது ஃப்ரெட்டின் மேல் இருக்கும் கை. அழுத்தம் தளர்ந்த கணம் ஓசை முடிகிறது. க்ரூவ் இல்லாத வாசிப்பைக் கூர்ந்து கேட்டால் தொடக்கங்கள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். முடிவுகள் கண்ட இடத்தில் விழுந்துகிடக்கும்.

ஸ்வரத்தை எழுதிவைக்கலாம் என்பதற்குப் புதுக்கோட்டை ஜில்லாவைப் போல சாட்சி வேறு இல்லை. குடுமியான்மலைக் கல்வெட்டில் ஸ்வரங்களை நான்கு நான்காகக் கட்டிப் பாறையிலேயே செதுக்கியிருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கும் மேல் ஆயிற்று, இன்னும் படிக்க முடிகிறது. மீட்டிய கை எங்கே தங்கியது, எங்கே விட்டது என்பதை மட்டும் அந்தப் பாறை சொல்லாது. இளையராஜாவின் பாட்டுகளிலும் இதே விஷயம் நடந்திருக்கிறது. 1976-இல் 'அன்னக்கிளி'க்குப் பிறகு தமிழ்ச் சினிமாப் பாட்டில் பேஸ் தனக்கென்று ஒரு ராகப் பாதை உள்ள குரலாக மாறியது. அவர் அதைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். ஆனால் காகிதத்திலிருந்து அதை எடுத்துச் சால் போட்டது சசிதரன் போன்றவர்களின் கை. நாம் அந்த மெட்டுகளை வருஷக்கணக்காக முணுமுணுத்தோம், கையின் பெயரைக் கேட்கவில்லை. மோடவுனிலும் 1971-இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' வரும்வரை ஜேமர்சன் உள்ளிட்ட வாத்தியக்காரர்கள் பெயரில்லாதவர்களாகவே இருந்தார்கள். கீழ் ஓசைக்காரனை மறந்துபோவது உலக வழக்கம் போலும்.

கற்றுக்கொள்ள வழி உண்டா என்றால், உண்டு. அது அலுப்பான வழி. மிருதங்கத்தின் முதற்பாடம் 'த தீ தோம் நம்'. இதில் 'தோம்' தொப்பிக்கு உரியது. பேஸ் கற்கிறவன் கிதாரைத் தொடுமுன் கையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டு வாயால் 'தோம்' சொல்லிப் பழகட்டும். முதலில் சமத்தில் மட்டும். பிறகு 'தோம்' எத்தனை அட்சரம் நீள்கிறது, எந்த அட்சரத்தில் வாயை மூடுகிறான் என்பதைத் தானே கவனித்து அதைத் திரும்பத் திரும்ப ஒன்றுபோல் செய்யட்டும். அதன்பின் கிதாரில் ஒரே ஒரு ஸ்வரம், அதே நீளம், அதே மூடல். மெட்ரோனோம் வைத்துக்கொண்டால் எல்லா அட்சரத்துக்கும் அடிக்கவிடாமல் ஒன்றுவிட்டு ஒன்றுக்கு, பிறகு நாலுக்கு ஒன்றுக்கு என்று குறைக்க வேண்டும். இடைப்பட்ட காலத்தை யந்திரம் சுமந்தால் அவனுக்குள் லயம் வளராது. இப்படி ஒரு ஸ்வரத்தோடு ஒரு மாதம் இருக்கப் பொறுமை இல்லாதவன் நாற்பது ஸ்வரம் கற்றும் பிரயோசனம் இல்லை.

புதுக்கவிதைக்காரர்களுக்கு இந்தச் சங்கதி அந்நியமாக இராது. யாப்பை விட்டோம். கூடவே லயமும் போய்விட்டது என்று பண்டிதர்கள் ஓலமிட்டார்கள். யாப்பு கணக்கு, லயம் வேறு என்று பதில் சொன்னோம். பதில் சரிதான். ஆனால் வரியை எங்கே முடிப்பது என்று தெரியாமல் உடைத்துப்போட்ட கவிதைகள் எத்தனை? கணக்கை விட்டவனுக்கு மூடத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவனுக்குக் கணக்காவது துணைக்கு இருந்திருக்கும்.

இன்று திருவிழா மேடைகளில் பல குழுக்களுக்குப் பேஸ் கிதார்க்காரனே தேவைப்படுவதில்லை. கீபோர்டின் இடது பக்கமோ முன்பே பதிந்துவைத்த தாளமோ அந்த வேலையைப் பார்த்துவிடுகிறது. ஆள் கூலி மிச்சம். யந்திரம் ஒரு மில்லி செகண்டும் பிசகுவதில்லை, உண்மை. ஆனால் பாடகன் ஒரு சொல்லில் சற்றே தங்க விரும்பினால் அது அவனுக்காகக் காத்திருப்பதில்லை. அவன் மூச்சு அதற்குக் கேட்காது. பழனி சுப்பிரமணிய பிள்ளையின் தொப்பி பாடுகிறவரைக் கேட்டுக்கொண்டிருந்தது. அவருடைய சிஷ்யர் திருச்சி சங்கரன் 1971 முதல் டொரண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் இந்த வித்தையை அயல்நாட்டு மாணவர்களுக்குப் பல பதிற்றாண்டுகள் சொல்லிக்கொடுத்தார். அங்கே போய் அதைக் கற்றவர்களில் மேற்கத்திய வாத்தியம் வாசிக்கிறவர்கள் இருந்திருக்கிறார்கள். இங்கே புதுக்கோட்டையில் பேஸ் கிதாரைத் தோளில் மாட்டிய பையனுக்கும், தெருக்கோடியில் மிருதங்கம் சொல்லிக்கொடுக்கும் வாத்தியாருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒருவருக்கு அது சினிமா, மற்றவருக்கு இது கச்சேரி. இரண்டு பேரும் ஒரே ஓசையைத்தான் கீழே தேடிக்கொண்டிருக்கிறார்கள்.