‘அவள்’ என்னும் சுட்டும் புதூர்நாட்டுப் பெண்ணும்

2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வாசகத்தில் ஒரு புதுமை உண்டு. தரவுக்கு உரியவர் ஆணாயினும் பெண்ணாயினும் அவரை அச்சட்டம் ‘அவள்’ என்றே சுட்டுகிறது. ‘அவன்’ என்று எழுதியே பழகிய சட்ட மொழியில் இது வரவேற்கத்தக்க மாற்றம் எனப் பலரும் பாராட்டினர். பாராட்டு நியாயமானதே. எனினும் ஒரு சட்டத்தைத் திறனாய்வு நோக்கில் வாசிப்பவர் சுட்டுப்பெயரோடு நின்றுவிடலாகாது. அப்பெயருக்கு வாய்த்த வினைகள் எவை என்றும் பார்க்க வேண்டும். இந்த ‘அவள்’ எதைச் செய்ய வல்லவள்?

அவளைப் புதூர்நாட்டில் நிறுத்திப் பார்ப்போம். திருப்பத்தூர் மாவட்டத்து ஜவ்வாது மலையில் நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு ஆகியவற்றோடு சேர்த்துச் சொல்லப்படும் ஊராட்சி அது. அங்கு வாழ்வோரில் பெரும்பான்மையினர் மலையாளி என்னும் பழங்குடியினர். அவள் பெயர், பிறப்பு, குடும்பம், கைரேகை அனைத்தும் ஏதோ ஓர் அரசுக் கணினியில் உள்ளன. ஆயினும் அவள் பிள்ளையின் படிப்பைத் தீர்மானிப்பது இனச்சான்றிதழ் என்னும் ஒரே தாள். தான் யார் என்பதை அவள் சொன்னால் செல்லாது. வருவாய்த்துறை சொல்ல வேண்டும்.

அந்தச் சொல் எவ்வளவு தற்செயலானது என்பதைப் பர்கூர் மலை காட்டும. அரசமைப்பின் கீழ் வெளியான பழங்குடியினர் பட்டியல் மலையாளிகளை மாவட்டப் பெயர்களோடு சேர்த்தே ஏற்றுக்கொண்டது. அதில் வட ஆர்க்காடு இருந்தது, கோயம்புத்தூர் இல்லை. வட ஆர்க்காட்டைச் சேர்ந்த ஜவ்வாது மலையார் பழங்குடியினர் ஆயினர். அன்று கோயம்புத்தூரிலும் இன்று ஈரோட்டிலும் அடங்கும் பர்கூர் மலையார் ஆகவில்லை. தம்மையும் சேர்க்குமாறு அவர்கள் நெடுங்காலமாகக் கேட்டு வருகின்றனர். மாவட்ட எல்லையை வரைந்தவர், தாம் ஒரு சமூகத்தின் அடையாளத்தையும் வரைவதாக எண்ணியிருக்க மாட்டார்.

எழுதப்படுபவருக்கு எழுத்தின்மீது உரிமை உண்டா என்பது பழைய வினா. திருமறையின் மிக நீண்ட வசனம் (2:282) கடன் பத்திரத்தைப் பற்றியது. வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன்பட்டவரே என்கிறது அது. அவர் இயலாதவராயின் அவருடைய பொறுப்பாளர் நீதியோடு சொல்ல வேண்டும். கொடுத்தவர் கை ஓங்கியிருக்கும் இடத்தில் பேனாவுக்குச் சொல் தரும் உரிமை மற்றவரிடம் விடப்பட்டது. நம் பதிவேடுகளின் மரபோ இதற்கு நேர்மாறானது. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ்க் கைரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை சுட்டது. மாண்டோரில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். உசிலம்பட்டிப் பகுதியில் அந்நாள் இன்றும் நினைவுகூரப்படுகிறது.

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என அறிவித்ததால்தான் புதிய சட்டமே பிறந்தது. தரவைக் கையாளும் நிறுவனத்திற்கு அது இட்ட பெயர் ‘ஃபிடூஷியரி’. நம் வழக்கில் அமானிதம் காப்பவர் எனலாம். உயர்ந்த சொல். ஆனால் அமானிதத்தை ஒப்படைத்தவர் அதைத் திருப்பிக் கேட்கலாம். பாழானால் ஈடு கேட்கலாம். இங்கோ விதிமீறலுக்கு விதிக்கப்படும் அபராதம், 250 கோடி ரூபாய் ஆயினும், அரசின் தொகுநிதிக்கே செல்லும். பாதிக்கப்பட்ட ‘அவள்’ இழப்பீடு பெற இச்சட்டத்தில் வழியில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018இல் நடைமுறைக்கு வந்த விதி அந்த உரிமையை வெளிப்படையாகவே தருகிறது.

அரசைப் பொறுத்தவரை சலுகைகள் மிகுதி. மானியம் ஒன்றுக்காக அவள் முன்பு தந்த இசைவைக் கொண்டு, சான்றிதழ் உள்ளிட்ட பிறவற்றுக்கும் அவள் தரவைக் கையாள ஏழாம் பிரிவு இடமளிக்கிறது. நாட்டின் இறையாண்மை, பொது ஒழுங்கு போன்றவற்றின் பெயரால் எந்த அரசு அமைப்பையும் சட்டத்திலிருந்து விலக்கி அறிவிக்கப் பதினேழாம் பிரிவு உதவும். மாறாக, ‘அவளுக்கு’க் கடமைகள் உண்டு, தவறினால் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

இவற்றைவிட என்னை உறுத்துவது, சட்டத்தின் கடைசிப் பிரிவில் ஒரு திருத்தமாக ஒளிந்திருக்கும் சில சொற்கள். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பொதுப் பணியோடு தொடர்பற்ற தனிநபர் விவரத்தையே மறுக்கலாம் என்றது. பொதுநலன் மிகுந்தால் அதையும் தரலாம் என்றது. அந்த நிபந்தனைகள் நீக்கப்பட்டு, தனிநபர் விவரம் எதையும் மறுக்கலாம் என்ற திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இராஜஸ்தானில் 1994இல் தொழிலாளர் உழவர் சக்திச் சங்கம் கிராம மக்கள் முன்னிலையில் கூலிப் பட்டியல்களை உரக்க வாசித்தபோது, வேலை செய்யாதோர் பெயர்களில் எழுதப்பட்ட கூலி அம்பலமாயிற்று. பெயர்களை நீக்கிவிட்டு வாசித்திருந்தால் எதுவும் வெளிவந்திராது.

தனக்கு வராத வீடு எவர் பெயரில் எழுதப்பட்டது எனப் புதூர்நாட்டுப் பெண் கேட்டால், ‘தனிநபர் விவரம்’ என்று இனி ஒரே வரியில் விடையளிக்கலாம். பொதுநலன் கருதி விவரம் தர எட்டாம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு இன்னும் இடம் தருகிறது என்பது அரசுத் தரப்பின் விடை. உண்மைதான், அது நீக்கப்படவில்லை. ஆனால் அப்பொதுநலனை முதலில் எடைபோடுபவர் பட்டியலை வைத்திருக்கும் அதே அலுவலகத்தார். அவர் மறுத்தால் முதல் மேல்முறையீடு. அதுவும் தோற்றால் மாநிலத் தகவல் ஆணையம். ஆணையம் இருப்பது சென்னையில்.